குழந்தைகளுக்கு உருப்படியான இலவசத் தளங்கள் உண்டா, இல்லையா?

ஜூன் 2, காலை | இரட்டையர்அம்மா கேட்டது

பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இரட்டையருக்கு ஒன்பது வயது, அவர்களுக்குக் கீழே நான்கு வயதில் ஒருவன். "குழந்தைகளுக்கான சிறந்த 50 தளங்கள்" என்று தேடினால் வருகிற பட்டியல்கள் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. பாதித் தளங்கள் இப்போது இல்லவே இல்லை. மீதி, இரண்டு பக்கம் காட்டிவிட்டு அட்டை எண்ணைக் கேட்கின்றன. இலவசமாகக் கிடைப்பதில் தேறுவது எதுவுமில்லை என்பது என் முடிவு. மறுப்பவர்கள் பேர் சொல்லி மறுக்கவும்.

இனி கீழே உள்ளவை என் பதில்கள்.

ஜூன் 2, இரவு

மறுக்கிறேன், பேர் சொல்லியே.

எங்கள் வீட்டில் நிலைத்து நின்றவை எல்லாமே இலவசம். காசு கட்டியவைதான் சீக்கிரம் சலித்தன.

முதலில் ஃபெட். கொலராடோ பல்கலைக்கழகம் நடத்துவது. 2001-இல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் அடுத்த ஆண்டே தொடங்கி வைத்தார். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றைத் தொட்டு விளையாடிப் பார்க்கும் மாதிரிகள். கணக்குத் தொடங்க வேண்டாம், விளம்பரம் கிடையாது, பல மொழிகளில் மொழிபெயர்த்தும் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் ஒன்பது வயதுக்காரர்களுக்கு அதிலுள்ள மின்சுற்று மாதிரியைத் திறந்து கொடுங்கள். பேட்டரி, கம்பி, பல்பு, சுவிட்ச் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு இணைக்க வேண்டும். இணைப்பு சரியாக இருந்தால் கம்பிக்குள் நீல நிற உருண்டைகள் நகரும், பல்பு எரியும். பல்பு இல்லாமல் பேட்டரியின் இரண்டு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் உருண்டைகள் தலைதெறிக்க ஓடும், பேட்டரி தீப்பிடிக்கும். என் மகள் முதலில் அலறினாள். அப்புறம் தீ வைப்பதையே வேலையாக வைத்துக்கொண்டாள். "நடுவுல பல்பு வச்சா ஏன் எரிய மாட்டேங்குது? ரெண்டு பேட்டரி வச்சா?" என்று அவளாகவே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். மின்தடையைப் பற்றி நான் பாடம் எடுக்க உட்கார்ந்திருந்தால் இருந்த இடம் தெரியாமல் போயிருப்பாள்.

ஜூன் 3, காலை

நான்கு வயதுக்காரரை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

டக்ஸ் பெயின்ட். 2002 முதல் தன்னார்வலர்கள் பராமரித்து வரும் ஓவிய மென்பொருள். இறக்கிக்கொள்ள மட்டும்தான் இணையம் வேண்டும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம்: படத்தைச் சேமிக்கும்போது கோப்புக்குப் பேர் கேட்காது. மறுபடி திறக்கப் போனால் வரைந்த படங்களையெல்லாம் குட்டிக் குட்டியாக வரிசையில் காட்டும். எழுத்துத் தெரியாத பிள்ளை யாரையும் கூப்பிடாமல் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். இதை யோசித்தவர் வீட்டில் கண்டிப்பாக ஒரு வாண்டு இருந்திருக்கும்.

எச்சரிக்கை: எதைத் தொட்டாலும் சத்தம் வரும். சத்தத்தை நிறுத்த வழி உண்டு. அதை முதலில் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் பிள்ளை கையில் கொடுங்கள்.

கான் அகாடமி கிட்ஸ் செயலியும் இந்த வயதுக்குத்தான் (2 முதல் 8 வரை என்று போட்டிருக்கிறார்கள்). 2018-இல் வந்தது, விளம்பரமும் சந்தாவும் இல்லை. ஆங்கிலம்தான் பிரதானம் என்பதால் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். உட்காருவது நல்லதும்கூட.

ஜூன் 3, மதியம்

எவ்வளவு நேரம் விடலாம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குச் சொன்னது இது: இரண்டு வயது ஆகும்வரை உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2016-இல் கிட்டத்தட்ட இதையே சொன்னது. ஆனால் பாட்டி தாத்தாவோடு வீடியோவில் பேசுவதை அவர்கள் கைக்குழந்தைக்கும் தடுக்கவில்லை. அந்த விதிவிலக்கு எனக்கு நியாயமாகப் படுகிறது. பேசினால் பதில் சொல்லும் முகம் வேறு, தானாக ஓடும் படம் வேறு.

ஜூன் 5

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எது நல்ல தளம் என்று கண்டுபிடிக்க என்னிடம் இப்போது ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: அது எங்கே முடிகிறது?

கதை முடியும். படம் வரைந்தால் தாள் நிறைந்துவிடும். புதிருக்கு விடை வந்தால் அதோடு சரி. பிள்ளை எழுந்து போக அங்கே ஓர் இடம் இருக்கிறது. சில தளங்களில் அந்த இடத்தை வேண்டுமென்றே அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும், நாளைக்கு வராவிட்டால் சேர்த்த நட்சத்திரம் போய்விடும் என்று மிரட்டும். எங்கள் வீட்டில் சண்டை வந்ததெல்லாம் இந்த இரண்டாம் வகையில்தான். "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று பிள்ளை கெஞ்சுவது பிள்ளையின் குறையாகவே எப்போதும் எனக்குத் தெரிந்தது. திரையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் யார் கெஞ்ச வைக்கிறார்கள் என்று புரிந்தது.

யார் காசு போட்டு நடத்துகிறார்கள் என்பதும் இதோடு ஒட்டியது. பல்கலைக்கழகம், அறக்கட்டளை, தன்னார்வலர்கள் நடத்தும் இடத்தில் பிள்ளை கூடுதலாகப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் யாருக்கும் காசு வரப்போவதில்லை. அதனால் விட்டுவிடுகிறார்கள்.

ஜூன் 6

"ஸ்க்ராட்சுக்கும்தான் முடிவே கிடையாது, அது கெட்டதா?" என்று மடக்கியிருக்கிறார் ஒருவர். நல்ல கேள்வி. நேற்று எழுதியதை இதற்கேற்ப இறுக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்கு: ஸ்க்ராட்ச் என்பது வண்ணக் கட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாகப் பொருத்தி நிரல் எழுதும் இடம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் 2007-இல் வெளியிட்டது, 8 முதல் 16 வயது வரை மனதில் வைத்து. அதற்கும் சின்னவர்களுக்கு 2014-இல் ஸ்க்ராட்ச் ஜூனியர் வந்தது. அதில் கட்டைகளில் எழுத்துக்குப் பதில் படம்தான் இருக்கும்.

திறந்ததும் ஒரு பூனை நிற்கும். நீங்கள் ஏதாவது செய்கிற வரை அது நின்றுகொண்டே இருக்கும். என் மகள் அதை நடக்க வைத்தாள், பூனை திரையின் ஓரத்துக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. "ஓரத்தைத் தொட்டால் திரும்பு" என்ற கட்டையைத் தேடிப்பிடித்துப் போட்டாள். பூனை திரும்பியது, ஆனால் தலைகீழாக! கால்கள் மேலே, முதுகு கீழே, அப்படியே நடந்து வந்தது. சிரித்து உருண்டாள். சிரிப்பு அடங்கியதும் அதைச் சரிசெய்யாமல் சாப்பிட வர மாட்டேன் என்றாள். சுழலும் விதத்தை "இடம்-வலம்" என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. சோறு ஆறியது.

எனவே கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். முடிவு இருக்கிறதா என்பதைவிட, அடுத்த அசைவு யாருடையது என்று பார்க்க வேண்டும். பூனை பிள்ளைக்காகக் காத்திருக்கிறது. அந்த மற்றத் தளங்களில் பிள்ளை காத்திருக்கிறது.

ஜூன் 6, சற்று நேரம் கழித்து

ஆம், ஸ்க்ராட்சில் மற்றவர் செய்த விளையாட்டுகளை ஆடிக்கொண்டே பொழுதைக் கழிக்கவும் முடியும். மகள் அதையும் செய்கிறாள். ஆனால் எந்த விளையாட்டுக்குள்ளும் நுழைந்து அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம், நகலெடுத்து மாற்றலாம். "வேகத்தைக் கூட்டினா என்ன ஆகும்" என்று உள்ளே போகிறவள் சும்மா ஆடிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

ஜூன் 9

யூடியூபைப் பற்றிப் பேசாமல் இந்த இழை நகராது போலிருக்கிறது.

பெரியவர்களின் யூடியூபைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். 2015-இல் வந்த யூடியூப் கிட்ஸ் தனிச் செயலி. அதை அப்படியே விட்டாலும் பெரிய லாபமில்லை, அமைப்புக்குள் போக வேண்டும். நான் செய்வது இவை. தேடலை அணைத்துவிடுவேன். "பெற்றோர் ஒப்புதல் தந்தவை மட்டும்" என்ற முறைக்கு மாற்றி, நான் பார்த்த அலைவரிசைகளை மட்டும் சேர்ப்பேன். நேரக் கணக்கை வைத்துவிடுவேன், நேரம் முடிந்தால் செயலியே பூட்டிக்கொள்ளும். "அம்மா நிறுத்தினாள்" என்ற புகாருக்கு அங்கே இடமில்லை.

பொது யூடியூபிலும் 2020 ஜனவரி முதல் குழந்தைகளுக்கானது என்று குறித்த காணொளிகளில் கருத்துப் பெட்டி இல்லை, ஆளைப் பின்தொடரும் விளம்பரமும் இல்லை. அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 2019-இல் 17 கோடி டாலர் அபராதத்தில் முடிந்த வழக்குக்குப் பிறகு வந்த மாற்றம் இது. ஆனால் அந்தக் குறி காணொளி நல்லது என்பதற்கான முத்திரை அல்ல. குழந்தைக்காக எடுக்கப்பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். குழந்தைக்காக எடுத்த குப்பையும் நிறைய உண்டு.

ஜூன் 10

ஏன் எல்லா இடத்திலும் 13 வயது என்று கேட்கிறார்கள்? யாரோ மனநல நிபுணர் ஆராய்ந்து வைத்த எல்லை என்று நினைக்கிறீர்கள் அல்லவா? இல்லை. அமெரிக்காவில் 1998-இல் இயற்றி 2000-இல் நடைமுறைக்கு வந்த கோப்பா சட்டம், 13 வயதுக்குட்பட்டவரின் தகவலைத் திரட்டப் பெற்றோர் அனுமதி வேண்டும் என்றது. அனுமதி வாங்கும் தொல்லைக்குப் பதில் "13-க்குக் கீழே உள்ளவர்கள் வர வேண்டாம்" என்று எழுதிவைப்பது நிறுவனங்களுக்குச் சுலபமாகப் போயிற்று. ஐரோப்பியச் சட்டத்தில் இந்த எல்லை 16, நாடுகள் விரும்பினால் 13 வரை குறைத்துக்கொள்ளலாம்.

ஆக 13 என்பது பக்குவத்தின் வயது அல்ல. அதற்காகப் பிறந்த ஆண்டைக் கூட்டிப் போட்டுக் கணக்குத் தொடங்கித் தரவும் வேண்டாம். பெரியவர் என்று பதிந்த கணக்குக்குப் பெரியவருக்கான விளம்பரமும் பெரியவருக்கான அறிமுகமில்லா ஆட்களும்தான் வருவார்கள்.

ஜூன் 14

வாசிப்பு. இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோரிவீவர்: பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் 2015-இல் திறந்த தளம். படக்கதைகள், ஏராளமான மொழிகளில். தமிழிலும் நிறைய. நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி. நான்காம் நிலைக்கு வந்தால் தானாகப் படிக்கும் பிள்ளைக்கு நீளக் கதை. படிக்கலாம், பிடிஎஃப் ஆக இறக்கலாம், அச்சிடலாம். திறந்த உரிமத்தில் இருப்பதால் நீங்களே மொழிபெயர்த்தும் போடலாம்.

எங்கள் வீட்டில் நடந்தது இந்தக் கடைசி விஷயம். மகளுக்குப் பிடித்த ஒரு கதையின் மொழிபெயர்ப்பு அவளுக்குச் சரியாகப் படவில்லை. "நாய்க்குட்டி இப்படியா பேசும்?" என்றாள். சரி, நீயே எழுது என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து, படத்துக்குக் கீழே இடம் போதாமல் வாக்கியத்தைச் சுருக்கிச் சுருக்கி எழுதினாள். வீட்டுப்பாடத்தில் பத்து வரி எழுதச் சொன்னால் ஏழாவது வரியில் தாகம் எடுக்கும் ஆள்.

படித்துக் காட்டக் குரல் வேண்டுமென்றால் லிப்ரிவாக்ஸ். 2005 முதல் தன்னார்வலர்கள் பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களைப் படித்துப் பதிவு செய்கிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலம். வாசகர்களின் தரம் ஏறி இறங்கும். சிலர் அற்புதமாகப் படிப்பார்கள், சிலர் படிப்பதைக் கேட்டால் பிள்ளை தூங்கிவிடும். தூங்க வைக்கத்தான் போடுகிறீர்கள் என்றால் இரண்டாம் வகையையே தேடுங்கள்.

எங்கள் வீட்டுச் சின்னவன் விஷயத்தில் ஒரு பின்யோசனை. திரையில் படித்துக் காட்டினால் அவன் கை தானாகத் திரையைத் தேய்க்கப் போகிறது, பக்கத்தைப் பார்ப்பதில்லை. அதே கதையை அச்சிட்டு மடித்துத் தைத்துக் கொடுத்தால் மடியில் அமர்ந்து முழுதாகக் கேட்கிறான். இப்போதெல்லாம் அவனுக்கு இணையம் என்பது அச்சுப்பொறியிலிருந்து வெளியே வரும் தாள்தான்.

ஜூன் 15

அச்சிடுவதைப் பற்றிச் சொன்னதும் வண்ணம் தீட்டும் படங்களுக்குத் தளம் கேட்டு வரிசை கட்டிவிட்டீர்கள். அந்தத் தளங்களில் ஒரு பக்கத்தில் மூன்று "பதிவிறக்கு" பொத்தான் இருக்கும். இருப்பதிலேயே பெரியதாக, பச்சையாக, பளபளவென்று இருப்பது விளம்பரம். இரண்டாவதும் விளம்பரம். நமக்கு வேண்டியது மூலையில் சாம்பல் நிறத்தில் பதுங்கியிருக்கும். பிள்ளையை அங்கே தனியாக விடாதீர்கள், நானே இரண்டு தடவை பச்சையை அழுத்தியிருக்கிறேன்.

டக்ஸ் பெயின்ட்டிலேயே தீட்டுவதற்கான கோட்டுப் படங்கள் இருக்கின்றன. போதும்.

ஜூன் 19

பெற்றோருக்கு உதவும் தளங்களையும் சொல்ல வேண்டும் என்று இரட்டையர்அம்மா ஞாபகப்படுத்தினார். நமக்கு எது உதவும்? நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது தேடுகிற தேடல்தான் நம் எல்லோருக்கும் முக்கியமான தேடல். அந்த நேரத்தில் அனுபவக் கதைகளைப் படிக்காதீர்கள். எல்லாக் கதையும் மோசமாகத்தான் முடியும், நன்றாக முடிந்தவர்கள் எழுத வரவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் "ஹெல்தி சில்ட்ரன்" தளத்தைப் புத்தகக்குறியில் வைத்திருக்கிறேன். எந்த அறிகுறிக்கு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம் என்று பிரித்து எழுதியிருப்பார்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டுவிட்டால் எந்தத் தளத்தையும் படிக்க வேண்டாம், கிளம்புங்கள்.

அப்புறம் வளர்ச்சி வரைபடம். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த சுமார் 8,500 குழந்தைகளை அளந்து வரைந்தது. இணையத்தில் எடை, உயரம் போட்டால் கோட்டில் புள்ளி வைத்துக் காட்டும் கணிப்பான்கள் உண்டு. சின்னவன் 15-ஆவது கோட்டில் இருக்கிறான் என்று பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மருத்துவர் ஒரே வரியில் முடித்தார்: 50 என்பது தேர்ச்சி மதிப்பெண் அல்ல. நூறு ஆரோக்கியமான குழந்தைகளை வரிசையாக நிறுத்தினால் யாராவது ஒருவர் பதினைந்தாவதாக நிற்கத்தான் வேண்டும். குழந்தை தன் கோட்டை ஒட்டி ஏறிக்கொண்டே வருகிறதா என்றுதான் பார்ப்பார்களாம். கோட்டை விட்டுச் சரிந்தால்தான் விசாரிப்பார்கள்.

ஜூன் 20

பெற்றோர் குழுக்களைப் பற்றிச் சுருக்கமாக. "இது என்ன சொறி?" என்று பிள்ளையின் படத்தைப் பேரோடும் பள்ளிச் சீருடையோடும் போடுகிறார்கள். பிள்ளை வளர்ந்தபின் அந்தப் படம் அங்கேயே இருக்கும். சொறியை மட்டும் எடுங்கள், முகம் வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளையாக இருந்தால் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். என் மகள் "வேண்டாம்" என்றுதான் சொன்னாள், கொஞ்சமும் யோசிக்காமல்.

ஜூன் 27

இணையம் விட்டுவிட்டு வருகிற இடத்தில் இருக்கிறேன், இதெல்லாம் எனக்கு எப்படி உதவும் என்று கேட்டவருக்கு: உங்களுக்கு மற்றவர்களைவிட நல்ல வாய்ப்பு.

கிவிக்ஸ் என்று ஒரு மென்பொருள். விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிவைத்து இணையமின்றிப் படிக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவும் அதில் உண்டு. கோலிப்ரி என்பது பாடக் காணொளிகளையும் பயிற்சிகளையும் ஒரு கணினியில் வைத்துப் பக்கத்துக் கருவிகளுக்குப் பகிர்வது. ஸ்டெல்லேரியத்தை நிறுவிவிட்டால் கூரைக்கு மேலே இந்த நேரத்தில் எந்த நட்சத்திரம், எந்தக் கோள் என்று இணையமில்லாமலே காட்டும். எங்கள் வீட்டில் இதற்குத்தான் பெரியவர்கள் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு உட்காருகிறார்கள்.

இணையமில்லாக் கணினியில் அடுத்த காணொளி தானாக வராது. ஜூன் 5-இல் நான் புலம்பியதற்கெல்லாம் அதுவே மருந்து.

ஜூலை 4

ஒரு விளையாட்டோ படமோ நம் பிள்ளைக்குச் சரிப்படுமா என்று முன்கூட்டியே பார்க்க காமன் சென்ஸ் மீடியா. 2003 முதல் இருக்கிறது. வன்முறை, வசவு, வாங்கச் சொல்லி நச்சரிப்பது என்று தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். கூடவே பெற்றோர் சொல்லும் வயது, பிள்ளைகள் சொல்லும் வயது என்று இரண்டு எண்கள். மகள் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். இப்போது வாதாட வரும்போது பிள்ளைகள் சொன்ன எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறாள்.

அதன் மதிப்புரை அமெரிக்கப் பெற்றோரின் கண்ணோட்டம். அவர்கள் பதறுவதற்கெல்லாம் நான் பதறுவதில்லை. அவர்கள் சாதாரணமாக விடுவது சில எனக்குச் சரிப்படுவதில்லை. எண்ணைப் பார்க்காமல் காரணத்தைப் படித்துவிட்டு முடிவு செய்கிறேன்.

ஜூலை 6

இரட்டையர்அம்மா, ஸ்க்ராட்சில் இருவருக்கும் கணக்குத் தொடங்க மின்னஞ்சல் கேட்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கணக்கே வேண்டாம். தளத்தில் உள்ளே போகாமலேயே உருவாக்கலாம். மேலே உள்ள பட்டியலில் கணினியில் சேமிக்கும் வழி இருக்கிறது, கோப்பு உங்களிடமே இருக்கும், அடுத்த நாள் அதையே திறந்து தொடரலாம். இணையமின்றி ஓடும் பதிப்பையும் தனியாக இறக்கிக்கொள்ளலாம். மற்றவர்களோடு பகிரவும் கருத்துப் போடவும்தான் கணக்கு. அது வேண்டும் என்று அவர்கள் கேட்கும்போது உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள், பயனர் பேரில் உண்மைப் பேர் வேண்டாம். இரட்டையருக்கு ஒரே கணினி என்றால் ஆளுக்கொரு கோப்புறை போட்டுக் கொடுத்துவிடுங்கள், ஒருவர் பூனையை மற்றவர் அழித்துவிட்டார் என்ற வழக்கு உங்களிடம்தான் வரும்.